பிடரியில் விழ வேண்டிய வெயில்

பீடோங்கில் பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். குளித்தாயிற்று. முகம் மழித்தாயிற்று. இஸ்திரி போட்ட சட்டையின் கஞ்சி வாசனை கழுத்தைச் சுற்றி நின்றது. வலக்கையில் வெள்ளைக்கோல். ஏழரை மணி பஸ் வர வேண்டும். எட்டரைக்குச் சுங்கைப் பட்டாணியில், ஒரு தொழிற்சாலையின் தொலைபேசி மேசையில் உட்கார்ந்து, முதல் அழைப்புக்கு நான் காலை வணக்கம் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தது. வெயிலைத் தவிர.

வெயில் முகத்தில் அடித்தது.

அந்த நிறுத்தத்தில் சாலையைப் பார்த்து நின்றால் கிழக்கு நம் முதுகுப் பக்கம். காலை வெயில் பிடரியில்தான் விழும், கோழிக்குஞ்சு ஒன்று வந்து உட்கார்ந்ததுபோல இளஞ்சூடாக. அன்று அது நெற்றியில் இறங்கி இரண்டு கன்னத்தையும் சுட்டது. மேற்கே இருக்கும் ஜெராய் மலைப் பக்கம் சூரியன் உதிப்பதாவது! நான்தான் திரும்பி நிற்கிறேனோ என்று கோலால் சாலை விளிம்பைத் தட்டினேன். இல்லை, சரியாகத்தான் நின்றேன். இடம் மாறி நின்றது சூரியன்.

பிறகு மூக்குக்கு ஒன்று எட்டியது. காலையில் அந்த இடத்தில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தின் வாழையிலை மணம் இருக்கும். இப்போது கொதிக்கும் எண்ணெயில் வாழைப்பழம் பொரிந்துகொண்டிருந்தது. பீசாங் கோரேங்.

"அண்ணே, எங்கே போறது?"

காக் சோம். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி வைத்திருக்கும் மலாய்ப் பெண். ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு அடுத்த கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவள். அவள் தமிழும் அவள் விற்கும் பழம்போலத்தான், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு.

"வேலைக்குத்தான். பஸ் இன்னும் வரலியே."

"என்னா வேலை? இன்னிக்கு வெள்ளிக்கிழமை லா. லீவு." எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளிதான்.

"வெள்ளி நேத்து. இன்னிக்கு சனி."

எண்ணெயில் புரண்டுகொண்டிருந்த கரண்டி நின்றுபோனது.

"அண்ணே," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இப்போ பெத்தாங். சாயங்காலம். அஞ்சு மணி."

என் உடம்பு முழுக்க விடியற்காலை. வெளியே மாலை. பகல் முழுவதும் தூங்கிவிட்டு, அது ஓர் இரவு என்று நம்பி எழுந்து, பல் துலக்கி, உத்தியோகத்துக்குக் கிளம்பி வந்திருக்கிறேன். நேரம் சொல்லும் கைப்பேசி சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்கிற அளவுக்கு உடம்பு உறுதியாக இருந்தது.

காக் சோம் ஒரு முக்காலியை என் முழங்காலில் இடித்தாள். காகிதத்தில் சுற்றிய சூடான பழம் ஒன்று கைக்கு வந்தது.

"உக்காந்து சாப்பிடுங்க. கனவுல ஷேவ் பண்ணிட்டு வந்துட்டீங்க."

சிரித்தேன். நாக்கு சுட்டது.

சேவல் என்னைக் கேட்டுக் கூவிய காலம்

கண் அழுத்தம் இரண்டு கண்களையும் ஓசையில்லாமல் காலி செய்துவிட்டுப் போன கதையைச் சென்ற வாரம் இதே பக்கத்தில் சொன்னேன். வெளிச்சம் வேறு இருட்டு வேறு என்கிற கடைசித் துணுக்குகூட மிஞ்சவில்லை. அதோடு கண் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கண்ணோடு சேர்ந்து இன்னொன்றும் போயிருந்தது. அது போனது தெரிய எனக்கு ஒரு வாழைப்பழம் தேவைப்பட்டது.

இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன் நான். சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண். சில வருடங்கள் யான் என்கிற ஊரின் கடற்கரை வரை. முதல் வண்டி என்னுடையது. நாலரைக்கு எழுவேன். அலாரம் வைத்ததே இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் சேவல் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கூவும் என்று பெருமை அடிப்பேன். வீட்டில் யாரும் மறுத்ததில்லை.

உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது, அது என் சொத்து, பிறவியிலேயே வந்தது என்று நம்பினேன். அதற்குத் தினமும் வெளியிலிருந்து ஒருவர் சாவி கொடுத்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தங்கமும் தகரமும்

கண் போன பிறகு இரண்டு வருடம் வீட்டில் கிடந்தேன். கிடந்தேன் என்பதுதான் சரியான சொல். பிறகு பார்வையற்றோருக்கான பயிற்சி ஒன்றில் சேர்ந்து தொலைபேசி இயக்கப் படித்தேன். அந்த விடுதியில் மணி அடித்து எழுப்பினார்கள், மணி அடித்து உணவு போட்டார்கள், முற்றத்தில் நிறுத்திக் கைகால் வீசச் சொன்னார்கள். முணுமுணுத்தாலும் அங்கே நன்றாகவே இருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

வேலை கிடைத்தது. முன்பு ஆட்களை ஊர் ஊராக இறக்கினேன். இப்போது குரல்களை அறை அறையாக இறக்கினேன். கணக்குப் பிரிவா, கிடங்கா, முதலாளி அறையா, எல்லா எண்ணும் விரல் நுனியில். ஏழு மணிக்கு ஒரு சட்டை எனக்காகக் காத்திருந்தது. எட்டரைக்கு ஒரு நாற்காலி காத்திருந்தது. இரண்டு வருடம் யாராலும் எதிர்பார்க்கப்படாமல் இருந்து பார்த்தவனுக்குத்தான் அந்த நாற்காலியின் விலை தெரியும்.

முதல் இரண்டு வாரம் என்னைப்போல் ஆள் கிடையாது. மூன்றாம் வாரம், காலைப் பத்து மணிக்கு, கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடுவதுபோல் தூக்கம் வந்து விழுந்தது. இரவில் பல்லியின் ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டு விழித்துக் கிடந்தேன். பகலில் தலை மேசையில் மோதியது.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அழைத்த ஒருவர் காலை வணக்கத்துக்குப் பதிலாக என் குறட்டையைக் கேட்டார். முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் புகார் செய்தாராம்.

ஆள் நிர்வாகத்தைக் கவனிக்கும் மேடம் சியூ கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். அவர் வருவதற்கு முன் அவருடைய தலைவலித் தைலம் வரும். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"குடிக்கிறீர்களா?"

"டீ குடிக்கிறேன், மேடம்."

அவர் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் மறுபடி நான் சிங்கம். அதற்கடுத்து மறுபடி குறட்டை. மேடம் சியூ மேசையில் பேனாவைத் தட்டினார். "இரண்டு வாரம் தங்கம், இரண்டு வாரம் தகரம். இதில் எது நீங்கள்? உங்கள் சோதனைக் காலத்தை மூன்று மாதம் நீட்டுகிறேன். அதற்குள் இன்னும் ஒரு தடவை தூங்கினால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்ப்பேன்."

அதற்கு மறுநாள்தான் நான் சொன்ன வெள்ளிக்கிழமை. பீசாங் கோரேங் வெள்ளிக்கிழமை.

எழுப்பக் கூடாத வீடு

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் மனைவி பாக்கியத்தின்மேல் தப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்கே மரம் சீவிப் பால் எடுத்தார். விடியுமுன் ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு முன் கங்காணி லயத்து வரிசை வீடுகளின் தகரச் சுவரில் தடியால் அடித்துக்கொண்டே போவார். உள்ளே இருப்பவருக்குக் காய்ச்சலா, வயதானவரா என்று தகரத்துக்குத் தெரியாது.

தம்பி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்த ஒரு காலை, அந்தத் தடி எங்கள் சுவரில் விழுந்தது. அம்மா தூக்கத்தில் அலறி எழுந்து பிள்ளையைக் கீழே போட்டுவிட்டார். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு ஆயிற்று.

பல வருடம் கழித்துப் பீடோங்கில் எங்களுக்கென்று ஒரு தாமான் வீடு வந்தது. குடிபோன அன்று அப்பா எங்களை நிறுத்திச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே சட்டம் அது.

"இந்த வீட்டுல எவனும் எவனையும் எழுப்பக் கூடாது. தூங்குறவன் தூங்கட்டும். அவன் முழிக்கும்போது விடியட்டும்."

சட்டம் என்றால் சட்டம். தம்பி ஒரு பரீட்சையின் முதல் தாளையே தூங்கித் தொலைத்தான். அப்பா அசையவில்லை. "பரீட்சை அடுத்த வருசமும் வரும்" என்றார். எங்கள் வீடு மட்டும் அப்படி என்று நினைக்காதீர்கள். தோட்டத்திலிருந்து வந்த எத்தனையோ வீடுகளில் தூங்குபவரைத் தாண்டிப் போகும்போது இன்றும் கால்விரலில் நடப்பார்கள். தகரச் சத்தத்துக்குப் பிறந்தவர்கள் நாங்கள்.

பாக்கியமும் தோட்டத்துப் பெண்தான். கல்யாணமாகி வந்தபோது அந்தச் சட்டத்தைச் சாமி படத்தைப்போல் ஏற்றுக்கொண்டாள்.

எனக்குக் கண் போனதும் அவளுடைய அன்பு இன்னும் மெல்லிய காலில் நடந்தது. நான் தூங்கினால் தையல் இயந்திரம் நிற்கும். வானொலி வாயை மூடும். சோறு ஃபிளாஸ்கில் காத்திருக்கும்; நான் எழும்போது அதுதான் மதியம். சாமி மாடத்து மணியின் நாக்கில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிவிட்டாள், பூசைச் சத்தம் என் தூக்கத்தைத் தொடாமல் இருக்க.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அதே கதைதான். கைப்பேசியின் அலாரம் கத்தும். தகர வாரங்களில் அது எனக்குக் கேட்பதே இல்லை. பாக்கியம் வந்து, என்னைத் தொடாமல், அலாரத்தை அணைத்துவிட்டுப் போவாள். பிறகு நானாகத் திடுக்கிட்டு எழுந்து, பாதித் தூக்கத்தில் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

கண்ணுக்கு வெளிச்சம் இல்லை. காதுக்கு மணி இல்லை. வயிற்றுக்கு வேளை இல்லை. இத்தனையும் அன்பால் நடந்தது.

கடல் லேட்டு

யான் பாதையில் வண்டி ஓட்டிய காலத்தில் அஞ்சலை என்றொரு மீன்காரம்மா ஏறுவார். படகுத்துறையில் மீன் எடுத்து ஊருக்குள் விற்பவர். அவரால் என் வண்டியில் நெத்திலி வாசம் ஏழு நாளும் உண்டு.

ஒரு நாள் எட்டு மணி வண்டிக்கு வருவார். மறுநாள் ஒன்பதுக்கு ஓடி வருவார். அதற்கு மறுநாள் பத்து மணி வண்டிக்குக் கூடையோடு நிற்பார். கிண்டல் செய்யாமல் இருக்க முடியுமா?

"என்ன அஞ்சலையக்கா, நாளுக்கு நாள் தூக்கம் கூடுதே! வீட்டுல புது மெத்தையா?"

"அட போ தம்பி! நான் எங்க லேட்டு? கடல் லேட்டு. தண்ணி ஏறுனாத்தானே படகு வரும். அது தினமும் கொஞ்சம் பிந்தித்தான் ஏறும். ரெண்டு வாரம் போவட்டும், சுத்திக்கிட்டு மறுபடி இதே நேரத்துக்கு வந்து நிக்கும் பாரு."

"அப்ப உங்களுக்குக் காலை எது, மாலை எது?"

"உனக்கு சூரியன். எனக்குத் தண்ணி. அவ்வளவுதான்லா. டிக்கெட்டைக் கிழி."

டிக்கெட்டைக் கிழித்தேன். பேச்சை மறந்தேன்.

இருபத்து நான்கு விரல் அகலம்

அந்த வெள்ளிக்கிழமை மாலை பாக்கியம் நூல் வாங்கிவிட்டுத் திரும்பியபோது நான் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதால் எனக்குக் கேட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நேரே தையல் இயந்திரத்துக்குப் போனாள்.

"என்ன தைக்கிற?"

"உங்க தூக்கத்தை."

ஒரு நீளமான காடாத் துணி. இருபத்து நான்கு விரல் அகலம். ஒரு மணிக்கு ஒரு விரல். இடது ஓரம் நள்ளிரவு, நடுவில் கெட்டி நூலால் ஒரு கோடு, அது நண்பகல். ஒவ்வொரு நாளும் ஒரு வரிசை. நான் தூங்கிய நேரத்துக்கு மட்டும் அந்த வரிசையில் நூல் ஓடும். விழித்திருந்த நேரம் வெறும் துணி. நான் தொட்டுப் பார்ப்பதற்காகவே முறுக்கு நூலில் தைத்தாள்.

எனக்கிருந்த விடுப்பையெல்லாம் சேர்த்து இரண்டு வாரம் எடுத்தேன். மேடம் சியூ ஏன் என்று கேட்கவில்லை. பேனாவைத் தட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் துணியை மடியில் விரித்து விரலை ஓட்டினேன். முதல் வரிசையின் நூல் காலை ஒன்பதில் தொடங்கியது. அடுத்தது முக்கால் விரல் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் முக்கால் விரல். மேலிருந்து கீழே, ஒரே சீராக, ஜெராய் மலையின் அடிவாரம்போல் சரிந்துகொண்டே போயிற்று. ஒரு வரிசைகூடப் பின்வாங்கவில்லை.

நெத்திலி வாசம் அடித்தது. சத்தியமாக அடித்தது.

"பாக்கியம்! எனக்கு வியாதி இல்ல. நான் லேட்டு."

"என்னா லேட்டு?"

"தினமும் முக்கால் மணி நேரம் லேட்டு. அஞ்சலையக்கா கடல் மாதிரி. சுத்திக்கிட்டே இருக்கேன். ராத்திரி பக்கம் வரும்போது நான் தங்கம். பகல் பக்கம் வரும்போது தகரம்!"

அவள் விரலும் என் விரலுக்குப் பக்கத்தில் அந்தச் சரிவில் இறங்கியது. தைத்தவள் அவள்தான். பத்து நாளும் பார்த்திருக்கிறாள். சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"எனக்கு அஞ்சாம் நாளே தெரிஞ்சிருச்சு. நீங்களா கண்டுபிடிச்சாத்தான் நம்புவீங்க."

டிப்போவில் நிற்கும் டைம் கீப்பர்

துணியைச் சுருட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் இளம் தமிழ்ப் பெண். துணியை மேசையில் விரித்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.

"இதை யார் தைச்சது?"

"நான்தாங்க."

"அக்கா, நான் கேட்க நினைச்ச கேள்விக்கெல்லாம் இதிலேயே பதில் இருக்கு."

பிறகு எனக்கு விளக்கினார். கண்ணுக்குப் பார்ப்பது ஒரு வேலை. இன்னொரு வேலையும் உண்டு. விடிந்துவிட்டது என்று மூளைக்குத் தகவல் சொல்வது. உடம்பின் கடிகாரம் பலருக்கு ஒரு நாளைவிடக் கொஞ்சம் நீளம். காலை வெளிச்சம் தினமும் அதைப் பிடித்து இழுத்துச் சரிசெய்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் உள்ளே போகாவிட்டால் இழுக்க ஆள் இல்லை.

எனக்கு உடனே பிடிபட்டது. எந்த வண்டியும் வழியில் நாலு நிமிடம், ஐந்து நிமிடம் பிந்தும். டிப்போவில் டைம் கீப்பர் நிற்பார். அட்டையைப் பார்ப்பார், திட்டுவார், அடுத்த நடையை நேரத்துக்கு விரட்டுவார். அவர் இல்லாவிட்டால் காலை வண்டி ஒரு மாதத்தில் மாலை வண்டியாகிவிடும். இத்தனை வருடம் சூரியன் என் டைம் கீப்பராக இருந்திருக்கிறான். நானோ எனக்கு நானே ராஜா என்று சேவலிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

"சூரியன் வேலையை விட்டுப் போய்ட்டாருன்னா வேற ஆள் போடலாமா டாக்டர்?"

"போடலாம். ஆனா ஒரு ஆள் பத்தாது."

சாயங்காலம் ஒரே நேரத்தில் ஒரு மாத்திரை. இருட்டியதும் உடம்பு தானே சுரப்பது அது, இங்கே வெளியிலிருந்து. அதோடு எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, நடப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். பகல் தூக்கம் கிடையாது. லீவு நாளும் கிடையாது. பயிற்சி விடுதியில் மணி அடித்து மணி அடித்து எனக்குச் செய்ததும் இதைத்தான். "இப்பவே ஆரம்பிக்காதீங்க. இந்தச் சரிவு ராத்திரிக்கு வந்து சேரட்டும். சேர்ற அன்னிக்குப் பிடிச்சு நிறுத்துங்க."

பாக்கியம் துணியில் விரலால் எண்ணினாள். "இன்னும் ஒரு வாரம்."

"காலையில எழுப்புறதுதான் முக்கியம். அக்கா, அவரு எப்படிக் கெஞ்சுனாலும் நீங்க எழுப்பிடணும்."

பாக்கியத்தின் வளையல் சத்தம் நின்றுபோனது.

அப்பாவின் படம்

விடுப்பு முடிந்தது. மாலையிலேயே கண்ணைச் சுழற்றினாலும் பகலெல்லாம் விழித்திருந்து வேலை பார்த்தேன். அந்த நாள் வந்தது. மாத்திரை போட்டேன். சரியான நேரத்துக்குத் தூக்கமும் வந்தது. கைப்பேசி எனக்கு வேண்டாம் என்று அவளிடமே கொடுத்திருந்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு அவள் எழுப்ப வேண்டும்.

எழுப்பவில்லை. நானாக விழித்தபோது ஆறேகால். கதவோரம் தேங்காயெண்ணெய் வாசம் நின்றது.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"அரை மணி நேரம்."

"ஏன் எழுப்பல?"

"கை வரலங்க. உங்கப்பா படத்துலேருந்து முறைக்கிறாரு."

"அவரு முறைக்கல. அது போட்டோக்காரன் செஞ்ச வேலை."

"பார்க்க முடியாத மனுசன் சொல்றீங்க!"

இரண்டாம் நாள் ஒரு தட்டு தானாகக் கீழே விழுந்தது. பிறகு ஒரு செம்பு. பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல், ஒரு கரண்டி. நான் புரண்டு படுத்தேன். ஆறு மணிக்குப் பூனையைத் திட்டும் சத்தத்தில் எழுந்தேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

அன்று மாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாக்கியம், அப்பா அந்தச் சட்டத்தை எனக்காகப் போட்டாரு. எழுப்புற ஆளு நம்மள வெறுத்த காலம் அது. நீ எழுப்பலேன்னா நான் மறுபடி சரிஞ்சிருவேன். அந்த நாற்காலி போயிரும். அப்புறம் இந்தக் கட்டிலோட கட்டிலா நானும் இருப்பேன். அதுவா அவரு கேட்டது?"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை. சுவரில் ஆணியோடு கயிறு உரசும் சத்தம் தூக்கத்துக்குள் கேட்டது. அப்பாவின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி, காலி பிஸ்கட் டின்னில் சோற்றுக் கரண்டி இடியாக விழுந்தது.

"பெரட்டு! பெரட்டு! எழுந்திரிங்க, பெரட்டு!"

துள்ளி எழுந்தேன். முழங்கால் கட்டிலில் மோதியது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை. அவளுக்கே அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. டின்னின் விளிம்பில் கரண்டி நடுங்கிக் கடகடவென்று தட்டிக்கொண்டிருந்தது.

என்ன சொல்வது என்று தேடினேன். அதற்கு ஒரே பதில்தானே உண்டு.

"இருக்கேன்," என்றேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் இரண்டும் இல்லை என்கிறாள்.

சரிவு திரும்ப வேண்டிய வாரம்

அதன்பிறகு வீடு மாறியது. மணியின் நாக்கிலிருந்து துணி அவிழ்ந்தது. ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு, ஆறு மணிக்குக் குளிர்ந்த நீர், ஆறரைக்குத் தோசை. ஃபிளாஸ்க் பரணுக்குப் போயிற்று. மாலை ஐந்தரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினால் காக் சோமின் வண்டியில் ஒரு பழம், ஒரு கேலி. "இப்போ என்னா நேரம் சொல்லுங்க அண்ணே?" தினமும் கேட்பாள். தினமும் சொல்வேன். வெள்ளிக்கிழமையும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

துணி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. பழைய கணக்குப்படி மூன்றாம் வாரத்தில் என் இரவு காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார வேண்டும். அந்த வாரத்துக்குத்தான் நான் பயந்தேன். மேடம் சியூவும் எண்ணிக்கொண்டிருந்தார் போலும்.

அந்த வாரத்தின் புதன்கிழமை, பத்து மணி. தலைவலித் தைலத்தின் வாசம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நகரவில்லை. இரும்புக் கதவு விழும் என்று தோள்பட்டையை இறுக்கிக்கொண்டேன். அழைப்பு வந்தது, கிடங்குக்கு இறக்கினேன். அடுத்தது கணக்குப் பிரிவு. அடுத்து தலைமை அலுவலகம். அதே மனிதர், என் குறட்டையை முழுதாகக் கேட்டவர். "செலாமாட் பாகி" என்று காலை வணக்கம் சொன்னேன், பஸ் ஹாரன்போல் கணீரென்று.

கதவு விழவில்லை. பதினொன்றானது. தலைக்குள் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன.

"தங்கம்," என்றார் மேடம் சியூ. தைல வாசம் நகர்ந்து போனது. மூன்று மாதம் முடிந்த அன்று, வேலையை உறுதி செய்யும் கடிதத்தை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார்.

பாக்கியத்தின் துணியில் இப்போது நூல்கள் சரிவதில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக, பெரட்டில் நிற்கிற ஆட்களைப்போல வரிசையாக நிற்கின்றன. சில காலைகளில் பிடரியில் வெயில் வந்து உட்காரும்போது நான் கொஞ்சம் குனிந்து கொடுக்கிறேன். பிடரி வழியாக மூளைக்குச் சேதி போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேதி போகாவிட்டால் போகிறது. பழைய டைம் கீப்பர், வேலை போனபிறகும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். மரியாதை கொடுக்க வேண்டாமா?

கடிதம் கிடைத்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். லீவு. அவள் வருவதற்கு முன்பே விழித்துவிட்டேன். சேவல் இன்னும் கூவவில்லை. உடம்பே சொன்னது, இது காலை என்று. நான் உடனே நம்பவில்லை. மூக்கை நீட்டிப் பார்த்தேன். ஈரப் புல், பக்கத்து வீட்டுச் சாம்பிராணி. காலையேதான்.

எழுந்து உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி வந்தது. கதவோரம் நின்றது. தேங்காயெண்ணெய். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஒரு நாள் தூங்கட்டுமே என்று அவள் நினைக்கிறாள், எனக்குக் கேட்டது. மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, தூங்குபவனைப்போல் கிடந்தேன்.

ஆணியில் கயிறு உரசியது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார்.

டின் இடித்தது. "பெரட்டு!"

"இருக்கேன்," என்றேன்.